ஒரு ஷில்லிங் மூன்று பென்ஸ்

வரும் செப்டம்பரில் மேல்படிப்புக்காக வெளிநாட்டுக்கு விமானம் ஏறப்போகும் தம்பி தங்கைகளுக்கு,

உங்கள் வீட்டுக் கூடத்தில் இந்நேரம் பெட்டி திறந்தபடி கிடக்கும். கொக்கித் தராசில் அப்பா அதைத் தூக்கிப் பிடிக்க, 23 கிலோவுக்கு மேல் காட்டும். குக்கரை எடுத்துவிட்டால் பருப்புப் பொடிக்கும் புளிக்காய்ச்சலுக்கும் இடம் கிடைக்குமே என்பார் அம்மா. அப்புறம் சோற்றை எதில் வைப்பதாம் என்பீர்கள் நீங்கள். பீரோவுக்குள் கல்விக் கடன் கோப்பு இருக்கும். அதில் பிணையாகக் கொடுத்த வீட்டுப் பத்திரத்தைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

இதே மாதத்தில், ஏறக்குறைய இதே மாதிரி மூட்டையோடு கப்பல் ஏறிய ஒரு மாணவரைப் பற்றியது இந்த மடல். நாள்: 1888 செப்டம்பர் 4. ஊர்: பம்பாய். கப்பல்: 'கிளைடு'. வயது 19 நிரம்ப இன்னும் ஒரு மாதம் பாக்கி. பெயர்: மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி. பெயரைப் பார்த்ததும் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். மகாத்மா வருவதற்கு இன்னும் வெகுகாலம் இருக்கிறது. இங்கே வரப்போகிறவர் 19 ஷில்லிங் கொடுத்துத் தொப்பி வாங்கியவர், நடன வகுப்பில் தாளம் பிடிபடாமல் விழித்தவர், லத்தீனில் கோட்டைவிட்டவர்.

அவருடைய பயணத்துக்கும் பணம்தான் முதல் சிக்கல். லண்டனில் பாரிஸ்டர் படிப்புக்கு மூன்று ஆண்டில் நாலாயிரம், ஐயாயிரம் ரூபாய் ஆகும் என்று குடும்ப நண்பர் ஒருவர் கணக்குச் சொல்லியிருந்தார். அப்பா இறந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. திவான் வேலை பார்த்த குடும்பம்தான், ஆனால் கையிருப்பு இல்லை. மனைவி கஸ்தூர்பாயின் நகைகளை விற்கலாமா என்றுகூட மோகன்தாஸ் யோசித்தார். இரண்டு மூவாயிரம் பெறுமாம். கடைசியில் அண்ணன் லட்சுமிதாஸ் பொறுப்பேற்றார். அதற்குள் பம்பாயில் மோத் பனியா சாதிக் கூட்டம் கூடி, கடல் கடந்து போகும் பையனைச் சாதியைவிட்டுத் தள்ளிவைத்தது; அவனுக்கு உதவினாலோ வழியனுப்பத் துறைமுகத்துக்குப் போனாலோ ஒரு ரூபாய் நாலணா அபராதம் என்றது. பணத்தைக் கையில் வைத்திருந்த மைத்துனர் அதைக் கேட்டுப் பின்வாங்கினார். வேறொருவரிடம் கடன் வாங்கித்தான் கப்பல் சீட்டு எடுக்க முடிந்தது.

கப்பலில் அவர் சாப்பாட்டு மேஜைப் பக்கமே போகவில்லை. கத்தியும் முள்கரண்டியும் பிடிக்கத் தெரியாது. எதில் இறைச்சி இல்லை என்று பணியாளரிடம் ஆங்கிலத்தில் கேட்கக் கூச்சம். ஊரிலிருந்து கொண்டுபோன இனிப்பையும் பழங்களையும் அறைக்குள்ளேயே வைத்துத் தின்று நாட்களை ஓட்டினார். உங்கள் பருப்புப் பொடிக்கு முன்னோடி யார் என்று தெரிகிறதல்லவா?

கரையிறங்கிய நாள் சனிக்கிழமை. நல்ல நாளாக இருக்கட்டும் என்று வெள்ளைக் கம்பளித் துணியில் தைத்த உடையைப் போட்டுக்கொண்டார். செப்டம்பர் கடைசி. சுற்றிலும் எல்லோரும் கறுப்பில் நிற்க, இவர் ஒருவர் மட்டும் வெள்ளை. மாற்றிக்கொள்ளலாம் என்றால் பெட்டிகளும் சாவிகளும் முகவர் கையில். மறுநாள் ஞாயிறு, எதுவும் வந்து சேராது. விக்டோரியா ஹோட்டல் ரசீது அடுத்த அடி: மூன்று பவுண்டு. சாப்பிட்டது அநேகமாக ஒன்றுமில்லை. ஒரு பண்டம் பிடிக்கவில்லை என்று இன்னொன்று கேட்டிருந்தார். இரண்டுக்கும் விலை போட்டிருந்தார்கள்.

பிறகு வந்தது பசி. அம்மாவிடம் கொடுத்த சத்தியத்தில் இறைச்சி, மது, பெண் மூன்றும் விலக்கு. ஆங்கிலேயர் வீட்டில் அறை எடுத்துத் தங்கினால் மீதி இருப்பது காலையில் ஓட்ஸ் கஞ்சி, மத்தியானமும் ராத்திரியும் கீரை, ரொட்டி, ஜாம். ரொட்டி இரண்டு மூன்று துண்டுக்கு மேல் கேட்கவும் வெட்கம். மேற்குக் கென்சிங்டனில் தங்கியிருந்த வீட்டு அம்மாளின் இரண்டு பெண்கள் கூடுதலாக ஒன்றிரண்டு துண்டு வைப்பார்களாம். பத்துப் பன்னிரண்டு மைல் சுற்றி அலைந்து ஏதாவது மலிவான கடையில் ரொட்டியாகவே வயிற்றை நிரப்பிக்கொள்வார். பசி மட்டும் அடங்காது. அப்படி ஒருநாள் அலைந்தபோதுதான் ஃபாரிங்டன் தெருவில் ஒரு மரக்கறி உணவகம் கண்ணில் பட்டது. வாசலுக்கு அருகே கண்ணாடிக்குப் பின்னால் விற்பனைக்கு வைத்திருந்த புத்தகங்களில் ஹென்றி சால்ட் மரக்கறி உணவுக்காக வாதாடி எழுதியதும் ஒன்று. விலை ஒரு ஷில்லிங். அதை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். இங்கிலாந்து வந்தபிறகு வயிறாரச் சாப்பிட்ட முதல் சாப்பாடு அதுதான் என்று தன் சுயசரிதையான 'சத்திய சோதனை'யில் எழுதியிருக்கிறார்.

அந்த சால்ட் யார் என்று இரண்டு வரி சொல்லாமல் நகர மனமில்லை. ஈட்டன் என்கிற பெரிய இடத்துப் பள்ளியில் ஆசிரியராக இருந்தவர். அந்த வேலையை உதறிவிட்டு சர்ரே மாவட்டத்தில் ஒரு குடிலுக்குக் குடிபோனவர். ஆசிரியருக்கான கறுப்பு அங்கியைக் கிழித்து, கொடிகளைச் சுவரோடு சேர்த்துக் கட்டும் நாடாவாக ஆக்கிக்கொண்டார் என்பார்கள். அமெரிக்கக் காட்டில் குடிசை போட்டு வாழ்ந்த தோரோவின் வாழ்க்கை வரலாற்றை 1890இல் எழுதியவரும் இவரே. பசியோடு தெருவில் அலைந்த குஜராத்திப் பையன் ஒரு ஷில்லிங்குக்கு வாங்கியது இவருடைய எழுத்தை.

இங்கிருந்து எளிமைக்கு நேர்வழி போட்டுவிடும் பாடப்புத்தகங்கள். நடந்தது வேறு. மரக்கறியோடு பிடிவாதமாக இருக்கும் இவரை ஒரு நண்பர் நாடகத்துக்கு அழைத்துப் போகும் வழியில் ஹோபர்ன் உணவகத்துக்குக் கூட்டிச் சென்றார். சூப் வந்தது. இதில் இறைச்சி இருக்கிறதா என்று பணியாளரை மோகன்தாஸ் கூப்பிட்டதும் நண்பருக்கு மானம் போயிற்று. நாகரிகமான இடத்தில் இப்படி நடந்துகொள்வதானால் வெளியே போய் நில் என்றார். வெளியே போய் நின்றார். பக்கத்திலிருந்த மரக்கறி உணவகம் மூடியிருந்தது. அன்றிரவு பட்டினியோடு நாடகம் பார்த்தார். இனி நண்பருக்குத் தலைகுனிவு வரக்கூடாது, சாப்பாட்டில் விட்டுக்கொடுக்க முடியாததை நடையுடையில் ஈடுகட்டுவோம் என்று முடிவு செய்ததன் விளைவுதான் அந்தப் பிரபலமான 'கனவான்' வேஷம்.

பம்பாயில் தைத்த உடுப்பெல்லாம் மூலைக்குப் போயின. புகைபோக்கி போல் உயர்ந்த தொப்பி 19 ஷில்லிங். பாண்டு தெருவில் தைத்த மாலைநேர உடை 10 பவுண்டு. அண்ணனுக்கு எழுதி இரட்டைச் சரத் தங்கக் கடிகாரச் சங்கிலி வரவழைத்தார். தினமும் கண்ணாடி முன் பத்து நிமிடம், டை கட்டவும் வகிடு எடுக்கவும். நடனம் கற்க 3 பவுண்டு. மூன்று வாரத்தில் ஆறு வகுப்பு. பியானோ எங்கே போகிறது, கால் எங்கே போகிறது என்றே புரியவில்லை. மேற்கத்திய இசைக்குக் காது பழகட்டும் என்று வயலின் வாங்க இன்னொரு 3 பவுண்டு. மேடைப் பேச்சுக்கு ஒரு கினி. சுமார் மூன்று மாதம் ஓடியது இந்தக் கூத்து. ஆயுள் முழுக்க இங்கேயா இருக்கப்போகிறோம், படிக்கத்தானே வந்தோம் என்று ஒருநாள் உறைத்தது. வயலினை விற்றுவிட்டார். உடை விஷயத்தில் மட்டும் அந்தக் கவனம் வருஷக்கணக்கில் போகவில்லை என்று அவரே ஒப்புக்கொள்கிறார்.

இந்த மூன்று மாத வேஷத்தின் நடுவிலும் அவர் விடாத ஒரு பழக்கம்தான் இந்த மடலுக்கே காரணம். செலவழித்த ஒவ்வொரு காசையும் எழுதிவைத்தார். பேருந்து வண்டிக்குக் கொடுத்தது, தபால் தலை, பத்திரிகைக்குப் போட்ட இரண்டு செப்புக் காசு, எல்லாம். ராத்திரி படுக்கப்போகுமுன் இருப்பைச் சரிபார்ப்பார். நம்மில் பலர் கணக்கு எழுதுவது மாதக் கடைசியில் பணம் எங்கே போனது என்று அதிர்ந்த பிறகு. அதுவும் இரண்டு வாரம். அட்டையைத் தட்டினால் பணம் போகிற இந்தக் காலத்தில் கையை விட்டு எதுவும் போனதாகவே தெரிவதில்லை. அந்த அறிவுரைக்குள் இந்த மடல் போகப்போவதில்லை. அந்தக் கணக்கு நோட்டு மோகன்தாஸுக்கு என்ன காட்டிக்கொடுத்தது என்பதுதான் சுவாரசியம்.

ஒரு குடும்பத்தோடு தங்கியிருப்பது சிக்கனம் என்று நினைத்திருந்தார். நோட்டு இல்லை என்றது. வாரா வாரம் வாடகையும் சாப்பாடும் சேர்த்துக் கொடுக்கவேண்டும். மரியாதைக்கு வீட்டாரை எப்போதாவது வெளியே சாப்பிட அழைத்துப் போகவேண்டும். கூட வருவது பெண்மணியானால் வண்டிச் சத்தமும் இவர் தலையில். வெளியே சாப்பிட்ட நாளுக்கு வீட்டுப் பணத்தில் கழிவும் கிடையாது. ஆக ஒரே சாப்பாட்டுக்கு இரண்டு விலை. தனியாக அறைகள் எடுத்துக்கொண்டார். வேலையிருக்கிற இடத்துக்கு அரைமணி நேரத்தில் நடந்து போய்விடுகிற தூரமாகப் பார்த்து. அதோடு வண்டிச் செலவு போயிற்று. தினம் எட்டுப் பத்து மைல் நடை சேர்ந்தது. இங்கிலாந்தில் இருந்தவரை நோய்நொடி அண்டாததற்கு அந்த நடைதான் காரணம் என்று பின்னாளில் சொன்னார்.

அடுத்த உதை லத்தீனிலிருந்து வந்தது. பாரிஸ்டர் தேர்வு பெரிய கஷ்டமில்லை. ஆண்டுக்கு நாலு பருவம், பருவத்துக்குக் குறைந்தது ஆறு விருந்து சாப்பிட்டாலே பாதிக் கிணறு தாண்டியமாதிரி. (நாலு பேருக்கு இரண்டு புட்டி ஒயின் கொடுப்பார்கள். குடிக்காத இவரைத் தங்கள் மேஜைக்கு இழுக்கப் பெரிய போட்டி இருந்ததாம்.) கையில் உருப்படியாக ஒரு படிப்பு வேண்டும் என்று லண்டன் மெட்ரிகுலேஷனுக்கு உட்கார்ந்தார். 1890 ஜனவரியில் லத்தீனில் தோல்வி. மறுபடி படிக்க நேரமும் வேண்டும், பணமும் வேண்டும். அண்ணன் கேட்டபோதெல்லாம் அனுப்பிக்கொண்டிருந்தார். அந்தப் பெருந்தன்மைதான் தம்பியை உறுத்தியது. மாதம் எட்டிலிருந்து பதினைந்து பவுண்டு வரை செலவழித்துக்கொண்டிருந்த மாணவர்களில் பெரும்பாலோருக்கு உதவித்தொகை இருந்தது, தனக்கு இல்லை என்பதையும் கவனித்தார். இன்னொரு பக்கம், வாரம் இரண்டு ஷில்லிங் வாடகைக்குக் குடிசைப் பகுதியில் அறையெடுத்து, லாக்ஹார்ட் கொக்கோ கடையில் இரண்டு பென்ஸுக்குக் கொக்கோவும் ரொட்டியும் சாப்பிட்டுப் படித்துக்கொண்டிருந்த ஏழை மாணவனையும் பார்த்தார்.

இரண்டு அறை ஒன்றாயிற்று. ஓர் அடுப்பு வாங்கினார். காலையில் ஓட்ஸ் கஞ்சி தானே காய்ச்சிக்கொள்வது, மத்தியானம் வெளியே, ராத்திரி ரொட்டியும் கொக்கோவும். கஞ்சிக்கு இருபது நிமிடம் போதும். சாப்பாட்டுச் செலவு ஒரு நாளைக்கு ஒரு ஷில்லிங் மூன்று பென்ஸ்.

இதைக் கொஞ்சம் பெருக்கி வகுத்துப் பார்க்கலாம். அன்றைக்கு ஒரு பவுண்டுக்கு 20 ஷில்லிங், ஒரு ஷில்லிங்குக்கு 12 பென்ஸ். நாள் சாப்பாடு 15 பென்ஸ். பாண்டு தெரு உடை 2,400 பென்ஸ், அதாவது 160 நாள் சாப்பாடு. தொப்பி 228 பென்ஸ், பதினைந்து நாளைக்குக் கொஞ்சம் மேலே. 1889இல் பாரிஸ் கண்காட்சிக்குப் போனபோது ஐஃபல் கோபுரத்தின் மேலிருந்த உணவகத்தில் மத்தியானச் சாப்பாடு சாப்பிட்டார், அவ்வளவு உயரத்தில் சாப்பிட்டோம் என்று சொல்லிக்கொள்வதற்காக. ஏழு ஷில்லிங். ஐந்தரை நாள் சாப்பாட்டை ஒரே வேளையில் விழுங்கிய கணக்கு. செல்ஃபி இல்லாத காலம், அவ்வளவுதான் வித்தியாசம்.

எளிமை என்றதும் நமக்குத் துறவி முகம் நினைவுக்கு வருகிறது. லண்டன் மாணவரிடம் அது தத்துவமாகத் தொடங்கவில்லை, கழித்தல் கணக்காகத் தொடங்கியது. தத்துவம் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. ஊரிலிருந்து வரும் இனிப்பையும் மசாலாவையும் நிறுத்தியபிறகு, முன்பு வாயில் வைக்க முடியாத வெறும் வேகவைத்த கீரை ருசிக்க ஆரம்பித்தது. ருசி இருப்பது நாக்கில் இல்லை, மனத்தில்தான் என்ற முடிவுக்கு அப்போதுதான் வந்தார். செலவு குறைந்ததால் வாழ்க்கை வறண்டுபோகவில்லை, உள்ளும் புறமும் ஒன்றானது என்கிறார். ஜூன் மாதம் லத்தீனும் தேறிவிட்டது.

அந்த ஒற்றை அறை தனிமைச் சிறையாகவும் இல்லை. நாராயண் ஹேமசந்திரர் என்று ஒரு குஜராத்தி எழுத்தாளர், கசங்கிய கோட்டும் குஞ்சம் வைத்த தொப்பியுமாக, இவரிடம் ஆங்கிலம் கற்றுக்கொள்ள வருவார். இலக்கணம் சுத்தமாக வராது, கூச்சமும் கிடையாது. மோகன்தாஸ் காரட் சூப் வைப்பார். அவருக்கு அது இறங்காது. எங்கிருந்தோ பாசிப்பயறு தேடிப் பிடித்துப் பருப்பு சமைத்து ஒருநாள் தூக்கிக்கொண்டு வந்தார். மோகன்தாஸ் ஆசையாகச் சாப்பிட்டார். அன்றிலிருந்து இவர் சமைத்தது அவருக்கு, அவர் சமைத்தது இவருக்கு என்று பண்டமாற்று நடந்தது. முன்பின் தெரியாத நகரத்தில் உங்களுக்கும் ஒரு நாராயண் ஹேமசந்திரர் கிடைப்பார். பெரும்பாலும் பொது அடுக்களையில், கடுகு தாளிக்கும் வாசனையைப் பிடித்துக்கொண்டு வருவார்.

ஒன்றை மறைக்கக்கூடாது. இந்த எளிமையின் செலவை வேறு இருவர் ஏற்றிருந்தார்கள். பணம் அனுப்பிய அண்ணன் ஒருவர். ராஜ்கோட்டில் சில மாதக் கைக்குழந்தையோடு விடப்பட்ட கஸ்தூர்பாய் இன்னொருவர். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கணவன் கடிதம் போட்டால் வேறு யாராவது படித்துக் காட்டவேண்டும். அடுப்பு வாங்கிய மாணவனைப் பாராட்டும்போது, மூன்று ஆண்டு அந்த வீட்டில் யார் அடுப்பு ஊதினார்கள் என்றும் கேட்கத்தான் வேண்டும். உங்கள் கடன் கோப்பிலும் உங்கள் கையெழுத்துக்குக் கீழே இன்னொரு கையெழுத்து இருக்கிறது.

எதிர்காலம் என்ன ஆயிற்று? சிக்கனமாக வாழ்ந்தவருக்குச் சீமைப் பட்டம் அள்ளிக் கொடுத்துவிடவில்லை. 1891 ஜூன் 10 பாரிஸ்டர் ஆனார், 11 பதிவு செய்தார், 12 கப்பலேறினார். மூன்று நாளில் மூன்று வேலை. அதற்குள் வயிற்றைக் கலக்கியது. சட்டம் படித்தாயிற்று, வக்கீல் தொழில் தெரியாது. இந்தியச் சட்டம் ஒரு எழுத்தும் தெரியாது. ஊர் வந்து சேர்ந்தபோது அம்மா இறந்துவிட்ட செய்தி காத்திருந்தது. அந்நிய மண்ணில் தாங்கமாட்டான் என்று அண்ணன் மறைத்துவைத்திருந்தார். பம்பாய் ஸ்மால் காஸஸ் கோர்ட்டில் முதல் வழக்கு, கட்டணம் 30 ரூபாய். குறுக்கு விசாரணைக்கு எழுந்தார், தலை சுற்றியது, ஒரு கேள்வியும் வரவில்லை. கட்டணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியேறினார். பள்ளிக்கூடத்தில் ஆங்கில ஆசிரியர் தேவை, ஒரு மணி நேரப் பாடம், சம்பளம் 75 ரூபாய் என்ற விளம்பரம் பார்த்து மனுப் போட்டார். பி.ஏ. இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். 1893இல் தென்னாப்பிரிக்க வியாபாரி ஒருவருக்காக ஓராண்டு ஒப்பந்தத்தில் 105 பவுண்டுக்குப் போனது வேறு வழியில்லாமல்தான். அங்கே போய்ச் சேர்ந்த பின்னும் லண்டன் கணக்கு அவரை விடவில்லை. இந்திய மாணவர் வாரம் ஒரு பவுண்டில் லண்டனில் எப்படி வாழலாம் என்று ஒரு கையேடே எழுதினார். அவர் காலத்தில் அது அச்சேறவில்லை.

ராத்திரி இருப்புப் பார்க்கும் அந்தப் பழக்கம் மட்டும் கடைசிவரை வந்தது. லட்சக்கணக்கான பொதுப்பணம் கையில் புரண்டும் தான் நடத்திய எந்த இயக்கத்திலும் கடன் நின்றதில்லை, மிச்சம்தான் இருந்தது என்பார். அதே பிடிவாதம் அவரிடமே திரும்பி வந்த கதை ஒன்று உண்டு. அதைத் திருப்பியவர் தஞ்சாவூர்க்காரர்.

ஜே.சி. குமரப்பா, 1892இல் பிறந்தவர். அவரும் லண்டன் போனவர்தான், கணக்குத் தணிக்கை படிக்க. பம்பாயில் தணிக்கை நிறுவனம் நடத்தி, அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொதுநிதி படித்து, 1929இல் காந்தியின் சபர்மதி ஆசிரமத்துக்குப் பட்டுச் சூட்டோடு வந்து சேர்ந்தார். 1934 ஜனவரி 15இல் பீகாரில் பெரும் நிலநடுக்கம். நிவாரண நிதியின் கணக்கு குமரப்பா கையில். அந்தச் சமயத்தில் கூட்டம் ஒன்றுக்காகக் காந்தி தன் குழுவோடு பாட்னா வர, அவர்களுடைய பால், பழம், வண்டிச் செலவை நிதியிலிருந்து கொடுக்க முடியாது என்று காந்தியின் செயலாளர் மகாதேவ தேசாயிடம் குமரப்பா சொல்லிவிட்டார். விஷயம் காந்திக்குப் போயிற்று. கூப்பிட்டுக் கேட்டார். தொண்டர்களுக்கு ஒதுக்கியிருப்பது இவ்வளவு, இந்தச் செலவுக்கு அதில் இடமில்லை என்று தணிக்கையாளர் விளக்கினார். தங்கள் குழுவின் செலவில் ஒரு காசும் நிவாரண நிதியில் ஏறக்கூடாது என்று மகாதேவரிடம் சொன்னார் காந்தி. தொண்டர் ஒருவருக்கு அன்றைக்குச் சாப்பாட்டுப் படி மூன்று அணா.